மொட்டை மாடியிலிருந்து வானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளை மொட்டை மாடியில் கூட்டி வைத்து வானம் காட்டுவது எனக்குப் பல வருடப் பழக்கம். பிள்ளைகளைவிட, ஓரமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, எனக்குத் தெரிந்த பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என்ன கருவி வாங்க வேண்டும்?

முதல் மூன்று மாதத்துக்கு எதுவும் வேண்டாம். மாடி விளக்கை அணைத்துவிட்டு, போனைத் தொடாமல் இருபது நிமிடம் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். நடுவில் ஒரு முறை வாட்ஸ்அப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

அதற்கு அப்புறமும் ஆசை தங்கினால் 10×50 பைனாகுலர் ஒன்று போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்னால் உள்ள கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 500 மடங்கு பெரிதாக்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்த ஒரு தொலைநோக்கியை நான் ஒருமுறை வாங்கிவிட்டேன். முக்காலி தீக்குச்சி கனம். நிலாவைத் தேடிப் பிடித்து, தெளிவாக்கலாம் என்று திருகைத் தொட்டால் நிலா பத்து விநாடி ஊஞ்சலாடும். இப்போது அது பரணில் இருக்கிறது.

எது கோள், எது நட்சத்திரம்? பார்த்தவுடன் எப்படிச் சொல்வது?

மின்னினால் நட்சத்திரம், மின்னாமல் நிலையாக எரிந்தால் கோள். நட்சத்திரம் வெறும் புள்ளி என்பதால் அதன் ஒளிக்கீற்றைக் காற்று இப்படியும் அப்படியும் தள்ளிவிடுகிறது. கோள் சின்ன வட்டத் தட்டு. அதன் ஒரு ஓரம் மங்கும்போது இன்னொரு ஓரம் ஈடுகட்டிவிடும். அடிவானத்துக்குப் பக்கத்தில் இந்த விதி ஏமாற்றும். அங்கே வெள்ளிகூட மின்னும்.

இதைவிட நம்பகமான வழி, ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பது. நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாது. கோள் அவற்றுக்கு நடுவே நகர்ந்திருக்கும். சங்கப் பாடல்களிலேயே நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் இரண்டு சொற்கள் வருகின்றன. அப்படிப் பெயர் வைக்க, யாரோ மாதக்கணக்கில் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும்.

குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி எல்லாம் வானத்தில் நிஜமாகவே நடக்கிறதா?

பெயர்ச்சி நிஜம். பலன் சொல்ல வானியலில் ஆதாரம் கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

வியாழன் வானத்தை ஒரு சுற்று வர ஏறக்குறைய 12 வருடம் ஆகிறது. ராசி பன்னிரண்டு என்பதால் ராசிக்கு ஒரு வருடம். சனிக்கு ஒரு சுற்று சுமார் 29½ வருடம், ராசிக்கு இரண்டரை வருடம். மூன்று ராசி கடந்தால் ஏழரை. அதாவது, ஏழரைச் சனி என்று ஒரு பாட்டி சொல்லும்போது சனிக்கோளின் சுற்றுக்காலத்தைத்தான் சொல்கிறார்.

இந்த இரண்டு எண்களை வைத்தே இன்னொன்றும் செய்யலாம். 12-ஐ 12-ஆல் பெருக்கினால் 144. எந்த எண்ணை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 144 வரும்? சுமார் 5.2. சூரியனிலிருந்து நாம் இருப்பதைப்போல் 5.2 மடங்கு தொலைவில் வியாழன் இருக்கிறது. சனிக்கும் இதே கணக்கைப் போட்டால் 9½ மடங்கு வரும், அதுவும் சரி. இந்த விதியை யோகான்னஸ் கெப்ளர் 1619-இல் வெளியிட்டார். பஞ்சாங்கத்தில் பெயர்ச்சித் தேதி பார்க்கத் தெரிந்தவர், சூரியக் குடும்பத்தின் அளவு விகிதத்தைத் தாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

அப்படியென்றால் ‘வக்ரம்’ என்பது? கோள் பின்னோக்கிப் போகுமா?

போகாது, போவதுபோல் தெரியும். பக்கத்துத் தண்டவாளத்தில் மெதுவாகப் போகும் ரயிலை உங்கள் ரயில் முந்தும்போது அது பின்னால் நகர்வதுபோல் இருக்குமே, அதேதான். செவ்வாயைச் சுமார் 26 மாதத்துக்கு ஒரு முறை பூமி முந்துகிறது. அப்போது இரண்டு மாதத்துக்கு மேல் செவ்வாய் திசை மாறி நடக்கும். பூமி அசையாது என்று நம்பியவர்களுக்கு இது பெரிய தலைவலி. கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி, வட்டத்தின் மேல் ஒரு குட்டி வட்டம் வைத்துச் சமாளித்தார். சமாளிப்பு என்றாலும் கெட்டிக்காரச் சமாளிப்பு. 1,400 ஆண்டு தாங்கியது.

நட்சத்திரம் ஏன் 27?

நிலா வானத்தை ஒரு சுற்று வர 27 நாளும் சுமார் எட்டு மணி நேரமும் ஆகிறது. நாளுக்கு ஒரு தங்குமிடம், அவ்வளவுதான். பௌர்ணமிக்கும் பௌர்ணமிக்கும் இடைவெளி 29½ நாள், ஏனென்றால் அந்த ஒரு மாதத்தில் சூரியனும் தள்ளிப் போயிருக்கும். நிலா அதை எட்டிப் பிடிக்க இரண்டு நாள் கூடுதலாக ஓட வேண்டும்.

மாதப் பெயர்களும் இப்படி வந்தவைதான், பௌர்ணமி நிலா எந்த நட்சத்திரத்தின் பக்கம் நிற்கிறதோ அந்தப் பெயர். கார்த்திகை தீபத்தன்று அகல் ஏற்றி முடித்த கையோடு பைனாகுலரை எடுத்து நிலாவுக்குப் பக்கத்தில் தேடுங்கள். கூர்ந்த கண்ணுக்கு ஆறு, பைனாகுலரில் சில டஜன் என்று கார்த்திகைக் கூட்டம் அங்கே இருக்கும். நிலா வெளிச்சத்தில் கொஞ்சம் திணறும், ஆனால் கிடைத்துவிடும்.

பாடப்புத்தகத்தில் துருவ நட்சத்திரம் தலைக்கு மேலே இருக்கிறது. எனக்கு ஏன் தெரிவதே இல்லை?

அந்தப் படம் குளிர்நாட்டுப் புத்தகத்திலிருந்து வந்திருக்கும். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ அதுவே உங்கள் ஊரின் அட்சரேகை. சென்னையில் 13 பாகை, யாழ்ப்பாணத்தில் பத்துக்குச் சற்றுக் கீழே, கன்னியாகுமரியில் 8. கையை நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. ஆக, வடக்கே அடிவானத்துக்கு மேல் ஒரு முட்டி உயரத்தில், தென்னை மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே எங்காவது ஒளிந்திருக்கும். அது அப்படியொன்றும் பிரகாசமான நட்சத்திரமும் அல்ல. சிங்கப்பூரில் இருப்பவர்கள் தேட வேண்டாம். அடிவானப் புழுதியிலேயே போய்விடும்.

வடக்கில் இழப்பதைத் தெற்கில் வட்டியோடு வாங்கிக்கொள்கிறோம். தை, மாசி மாலைகளில் தெற்கே தனியாக ஜொலிப்பது அகத்தியர், வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். வைகாசியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பார்த்தால் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடப்பக்கம் இரண்டு பளிச்சென்ற நட்சத்திரங்கள் வரும். அவற்றில் சிலுவைக்குத் தள்ளி இருப்பது ஆல்பா சென்டாரி, நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம், 4.4 ஒளியாண்டு (ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம் ஒரு ஒளியாண்டு). டெல்லியில் அது அடிவானத்தை உரசும். லண்டன்காரர் வீட்டிலிருந்தபடி அதைப் பார்க்கவே முடியாது. நாம் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பார்க்கலாம்.

பூமியின் அளவை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நாமும் செய்ய முடியுமா?

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் எரடோஸ்தனிஸ் என்பவர் செய்தார். தெற்கே சையீன் என்ற ஊரில் (இன்றைய அஸ்வான்) ஆண்டில் ஒரு நாள் உச்சியில் நிழல் விழாது. அதே நாளில் வடக்கே அலெக்சாந்திரியாவில் சுமார் 7.2 பாகைக்கு நிழல் விழும். முழு வட்டமான 360-இல் அது ஐம்பதில் ஒரு பங்கு. எனவே இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு.

தமிழ்நாட்டில் இதைச் செய்வது இன்னும் சுலபம், நமக்கு ஆண்டுக்கு இரண்டு நிழலில்லா நாள். சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில் ஒன்று. அன்று சென்னையில் நேராக நிறுத்திய குச்சிக்கு 12 மணி 7 நிமிடம் போல் நிழலே இருக்காது. கன்னியாகுமரியில் இருக்கும் உங்கள் சித்தப்பாவை ஒரு மீட்டர் குச்சி நடச் சொல்லுங்கள். அங்கே உச்சிவேளை 12.18 வாக்கில்தான் வரும், கன்னியாகுமரி மேற்கே தள்ளி இருக்கிறது. ஆகவே கடிகாரத்தை நம்பாமல், நிழல் எப்போது மிகக் குட்டையாகிறதோ அப்போது அளக்க வேண்டும். நிழல் 8.7 சென்டிமீட்டர் வரும், தெற்குப் பக்கமாக விழும். அதாவது 5 பாகை. வடக்கு தெற்காக இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 555 கிலோமீட்டர். 360-இல் 5 என்பது 72-இல் ஒன்று. 555-ஐ 72-ஆல் பெருக்கினால் 39,960. உண்மையான சுற்றளவு 40,000 கிலோமீட்டர் சொச்சம்.

ஒரு எச்சரிக்கை: சாலை தூரத்தைப் போட்டுவிடாதீர்கள். முதல் தடவை நான் பேருந்துத் தூரத்தைப் போட்டேன், பூமி நன்றாகவே வீங்கிவிட்டது.

தை முதல் நாள் உத்தராயணம் என்கிறார்கள். டிசம்பர் 21-லேயே சூரியன் வடக்கே திரும்பிவிடுகிறதே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆமாம், சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. பொங்கல் வருவது ஜனவரி 14 அல்லது 15. இதேபோல் இரவும் பகலும் சமமாகும் நாள் மார்ச் 20 வாக்கில். சித்திரை 1 வருவது ஏப்ரல் 14. இரண்டிலும் சுமார் 24 நாள் வித்தியாசம். யாரும் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. நமது ஆண்டு சூரியன் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு சுற்று முடிப்பதை எண்ணுகிறது. ஆங்கில நாட்காட்டி பருவங்களை எண்ணுகிறது. முதலாவது இரண்டாவதைவிட 20 நிமிடம் நீளம். இருபது நிமிடம் யார் கண்ணிலும் படாது, ஆனால் 71, 72 வருடத்தில் அது முழு ஒரு நாளாகிவிடும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால், சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன.

காரணம், பூமியின் அச்சு. ஓய்ந்துவரும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டம் போடுவதுபோல் அதுவும் சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு வட்டம் போடுகிறது. இன்றைய துருவ நட்சத்திரமும் நிரந்தரமில்லை. 12,000 ஆண்டு கழித்து நாம் அபிஜித் என்று சொல்லும் வேகா அந்தப் பக்கம் வந்திருக்கும்.

இவ்வளவு மெதுவான ஒன்றை மனிதர் எப்படிக் கண்டார்? கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் என்ற கிரேக்க வானியலாளர் சித்திரை நட்சத்திரத்தின் இடத்தை அளந்தார். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன் திமோக்காரிஸ் அளந்து எழுதிவைத்த எண் கையில் இருந்தது. இரண்டுக்கும் 2 பாகை இடித்தது. நான்கு முழு நிலா அகலம். பழையவர் சரியாக அளக்கவில்லை என்று ஒதுக்கிவிட்டிருக்கலாம். ஹிப்பார்க்கஸ் அவரை நம்பினார், நட்சத்திர வானம் முழுவதும் நகர்வதாகச் சொன்னார்.

பூமி சுற்றுகிறது என்று ஜனங்களை நம்ப வைக்க ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று?

எதிர்த்தவர்கள் முட்டாள்கள் இல்லை என்பதால். கி.பி. 499-இல் ஆரியபட்டர், படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் ஓடுவதுபோல்தான் நட்சத்திரங்கள் மேற்கே ஓடுகின்றன என்று எழுதினார். பூமி அப்படிச் சுழன்றால் பறவை எப்படிக் கூட்டுக்குத் திரும்பும் என்று வராகமிகிரர் கேட்டார். நியாயமான கேள்விதானே? பறவையும் காற்றும் பூமியோடு சேர்ந்தே போகின்றன என்ற பதில் ஒழுங்காக வர ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆனது.

1543-இல் கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தார். டென்மார்க்கின் டைகோ பிராகி ஏற்கவில்லை. அவர் வாதம் இது: கையை நீட்டிக் கட்டைவிரலை ஒவ்வொரு கண்ணாலும் மாற்றி மாற்றிப் பாருங்கள், விரல் இடம் மாறும். பூமி சூரியனைச் சுற்றினால், ஆறு மாத இடைவெளியில் பார்க்கும்போது நட்சத்திரமும் அப்படி மாற வேண்டும். மாறவில்லையே? தொலைநோக்கி இல்லாத காலத்தில் மிகத் துல்லியமாக அளந்த மனிதர் அவர், அவருக்கே தெரியவில்லை என்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்.

வேடிக்கை என்னவென்றால், டைகோவின் அளவுகளே அவர் கட்சியைக் கவிழ்த்தன. அவற்றை வைத்துக் கெப்ளர் செவ்வாயின் பாதையை வட்டமாகப் போட்டுப் பார்த்தார். 8 கலை இடித்தது. பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கலை. 8 கலை என்பது முழு நிலாவின் அகலத்தில் கால்வாசி. வேறொருவராக இருந்தால் விட்டிருப்பார். டைகோ அவ்வளவு தப்பாக அளக்கமாட்டார் என்று கெப்ளர் வட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு 1609-இல் நீள்வட்டத்தை வெளியிட்டார்.

டைகோ கேட்ட அந்த இடமாற்றத்தை 1838-இல் பெஸ்ஸல் என்ற ஜெர்மன் வானியலாளர் அளந்தார். அன்னம் என்ற விண்மீன் கூட்டத்தில் 61 என்று எண்ணிட்ட மங்கலான நட்சத்திரம். அவர் கண்ட கோணம் சுமார் 0.31 விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை). 2 சென்டிமீட்டர் நாணயம் ஒன்றை 13 கிலோமீட்டருக்கு அப்பால் பிடித்தால் தெரியும் அகலம். டைகோ கேட்டது சரி. நட்சத்திரங்கள் இவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

கம்ப்யூட்டர் இல்லாமல் பஞ்சாங்கக்காரர்கள் கிரகணத்தை எப்படிச் சொன்னார்கள்?

நிலாவின் பாதை சூரியன் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால்தான் எல்லாப் பௌர்ணமியிலும் கிரகணம் வருவதில்லை. இரண்டு பாதையும் வெட்டும் புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். அவற்றுக்கு உடல் கிடையாது, புள்ளி மட்டும். அவை வானத்தைப் பின்னோக்கிச் சுற்ற 18.6 வருடம் ஆகும். பன்னிரண்டால் வகுத்தால் ராசிக்கு ஒன்றரை வருடம், பஞ்சாங்கத்திலும் அதுதான்.

1825-இல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைத் தேடிப் பிடித்தார். அவர் தாளைத் தொடவில்லை. தரையில் சோழியைப் பரப்பினார், மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்தார், சோழியை நகர்த்தினார். அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணம் தொடங்கும் நேரத்தை 4 நிமிட வித்தியாசத்தில் சொன்னார். நடுநேரத்தில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏன் இப்படிக் கணக்கிடுகிறோம் என்ற கோட்பாடு அவருக்குத் தெரியாது என்று வாரன் எழுதியிருக்கிறார். எனக்கு அது குறையாகப் படவில்லை. தலைமுறை தலைமுறையாக வாயிலேயே ஒரு கணிப்பொறி வந்திருக்கிறது.

சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரம் என்று யார் டேப் வைத்து அளந்தது?

வெள்ளி சூரியனைக் கடக்கும்போது பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து நேரம் குறித்தால் கணக்குப் போட்டுவிடலாம். அது அபூர்வம், 1761-லும் 1769-லும் வந்தது. முதலாவதைப் புதுச்சேரியில் பார்க்க பிரான்சிலிருந்து லெ ஜான்டில் கிளம்பினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கரை இறங்க முடியாமல், ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார். உருப்படியான அளவு எதுவும் எடுக்க முடியவில்லை. அடுத்ததற்காக எட்டு வருடம் இந்தப் பக்கமே காத்திருந்தார். 1769-இல் புதுச்சேரியில் எல்லாம் தயார். காலையில் சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடியது. 1771-இல் ஊர் திரும்பினால், அவர் செத்துவிட்டதாக முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள். மற்ற இடங்களில் பார்த்தவர்களின் அளவுகளிலிருந்து சூரியனின் தூரம் சில சதவீதத்துக்குள் கிடைத்துவிட்டது.

தொட முடியாத நட்சத்திரம் எதனால் ஆனது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சொல்லவே முடியாது என்று 1835-இல் ஒகஸ்த் கோம்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி எழுதினார். 24 வருடம்தான் தாங்கியது. ஒவ்வொரு தனிமமும் சூடாகும்போது தனக்கே உரிய நிறக்கோடுகளைத் தரும், அவற்றை நட்சத்திர ஒளியிலேயே படிக்கலாம் என்று 1859-இல் கிர்க்காஃபும் புன்சனும் காட்டினார்கள்.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம் அப்போதைய சென்னை மாகாணத்தின் மேல் போனது. குண்டூரில் ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக்காட்டியோடு காத்திருந்தார். அன்று கண்ட மஞ்சள் கோடு எந்தத் தெரிந்த தனிமத்தோடும் பொருந்தவில்லை. சூரியனின் கிரேக்கப் பெயரைச் சேர்த்து ஹீலியம் என்று பெயரிட்டார்கள். அது பூமியில் கிடைத்தது 1895-இல். பலூனில் அடைக்கும் வாயு முதலில் சூரியனில் கண்டுபிடிக்கப்பட்டது!

நாம் பார்க்கும் நட்சத்திரங்களில் பாதி எப்போதோ அழிந்துவிட்டனவாமே?

இல்லை. வெறும் கண்ணுக்குத் தெரிபவை பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் இருப்பவை. நட்சத்திர ஆயுளோ கோடிக்கணக்கான வருடம். ஏறக்குறைய எல்லாமே இப்போதும் அங்கேதான் இருக்கும்.

வெறும் கண்ணால் எவ்வளவு தூரம் பார்க்கலாம்?

25 லட்சம் ஒளியாண்டு. அடைமழை ஓய்ந்த மார்கழியில், ஊருக்கு வெளியே, இருட்டியவுடன் வடக்குப் பக்கம் உயரத்தில் புகை அப்பியதுபோல் ஒரு திட்டு தெரியும். அதுதான் ஆந்திரமீடா. அது நம் பால்வீதிக்குள் இருக்கும் மேகமா, வெளியே இருக்கும் இன்னொரு பால்வீதியா என்று நூறு வருடம் முன்புவரை சண்டை. ஹென்ரியட்டா லெவிட் 1912-இல் ஒரு வழி காட்டியிருந்தார்: கூடிக் குறைந்து ஒளிரும் ஒரு வகை நட்சத்திரத்தில், ஒரு தடவை கூடிக் குறைய எத்தனை நாள் என்று தெரிந்தால் உண்மைப் பிரகாசம் தெரிந்துவிடும், அதிலிருந்து தூரம். 1923 அக்டோபரில் அமெரிக்க வானியலாளர் ஹப்பிள் தம் ஆந்திரமீடாப் படத்தில் ஒரு புள்ளியை நோவா, அதாவது திடீரென்று பிரகாசமாகும் நட்சத்திரம், என்று குறித்திருந்தார். பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் அதை அடித்துவிட்டு, ‘மாறும் விண்மீன்’ என்பதன் சுருக்கத்தை எழுதி ஆச்சரியக்குறி போட்டார். அவர் கணக்குப்படி தூரம் 9 லட்சம் ஒளியாண்டு. எண் தப்பு, ஆனால் பால்வீதிக்கு வெளியே என்பது உறுதியாயிற்று.

பிள்ளைகளுக்கு முதலில் எதைக் காட்டுவது?

நிலாவைக் காட்டுங்கள், கத்துவார்கள். அப்புறம் வியாழன். பைனாகுலரைச் சுவரில் அழுத்திப் பிடித்தால் பக்கத்தில் ஒரே கோட்டில் இரண்டு, மூன்று, சில நாள் நான்கு புள்ளிகள். தினமும் ஒரே நேரத்தில் நோட்டில் வரையச் சொல்லுங்கள். பாதுவா நகரில் 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ மூன்று புள்ளிகளைப் பார்த்தார், இரண்டு ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம். 8-ஆம் தேதி மூன்றுமே ஒரே பக்கம். அவை வியாழனைச் சுற்றும் நிலாக்கள் என்று புரிய அவருக்குச் சில நாள் பிடித்தது.

போன வருடம் என் அண்ணன் மகள் இப்படி ஒரு வாரம் வரைந்தாள். மூன்றாம் நாள் வானம் மூடிவிட்டது, பக்கத்தைக் காலியாக விடலாமா என்று கேட்டாள். வேண்டாம், மேகம் என்று எழுது என்றேன். 9-ஆம் தேதிக்குக் கலிலியோவும் அதைத்தான் எழுதியிருக்கிறார்.